வென்டல் சொன்னதும் வண்டி சொன்னதும்

முதல் தடவை நின்றபோது
பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று நினைத்தேன்.
முள் பாதிக்கு மேல் காட்டியது.
எண்பத்து நான்காம் வருடத்து ஃபோர்டு, முள் பொய் சொல்லும்.
ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தேன்.
குச்சியும் பாதிக்கு மேல் நனைந்திருந்தது.

பின்னால் முந்நூறு காலன் தண்ணீர்
தளும்பிக்கொண்டிருந்தது.
கிழக்கு மொன்டானாவில், ஆகஸ்டில்,
தண்ணீர் வர நேரமானால்
மாடுகள் காரணம் கேட்பதில்லை.
பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது,
கடன் வாங்கியவன்
கடைத்தெருவில் பார்த்துச் சிரிப்பதுபோல.

வென்டல் ரோஸ்டாட் வந்தான்.
மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டவன்
அரைமணி நேரம் முதுகால்தான் பேசினான்.
வடிகட்டி என்றான். மாற்றினோம்.
பம்பு என்றான். மாற்றினோம், நூற்றுப் பத்து டாலர்.
வெயிலுக்குப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்றான்;
காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போடுவதுபோல்
ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன்.

ஹாக்கன்சன் வளைவில் நின்றது.
நின்ற வண்டியில் ஸ்டியரிங் கல்.
எதிரே கோதுமை லாரி.
இரண்டு கையும் ஒரு முழங்காலும் போட்டு
ஓரம் ஒதுக்கினேன்.
லாரிக்காரன் ஹார்ன் அடித்தபடியே போனான்,
மேடு தாண்டும் வரை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.
கழற்றிய பழைய பம்பு
பட்டறை மேசையில் கிடக்கிறது,
குற்றம் நிரூபணமாகாமல்.

அதன்பிறகு தீவன ரசீதுகளின் பின்பக்கம்
எழுதி வைக்க ஆரம்பித்தேன்.
திங்கள், காலை, குளிர், இரும்புக் கிராதி தாண்டியதும்.
புதன், தூறல், கிராதி தாண்டியதும்.
வெள்ளி, நல்ல வெயில், ஊருக்குப் போய்வந்தேன்,
தார்ச்சாலை முழுக்க, நிற்கவில்லை.
சனி, கிராதி.

மாடு தாண்டாமலிருக்கப் பாதையில் பதித்த குழாய்கள் அவை.
சக்கரம் ஏறினால் பல்லெல்லாம் ஆடும்.
ஞாயிறன்று இன்னொன்றையும் கவனித்தேன்:
வண்டி நின்ற நொடியில்
வானொலியில் மாட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தவன்
பாதி எண்ணில் வாயை மூடினான்.
பெட்ரோல் வராவிட்டால்
அவன் ஏன் நிற்க வேண்டும்?

முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு
சாவிக்கொத்தை ஒரு விரலால் தட்டினேன்.
செத்தது.
கிளப்பித் தட்டினேன். செத்தது.
கொக்கரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்,
நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

தபால் எடைத்தட்டில் வைத்தேன்: ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.
என் சாவிகள் மூன்றுதான்.
மீதியெல்லாம் போனவர்கள் கொடுத்தவை.
'குழாய் உறைகிறதா என்று பார்த்துக்கொள், அர்டித்.'
'கூரையை ஒரு கண் பார், அர்டித்.'
லின்ட்குவிஸ்ட் வீடு, அதன் பின்கதவு,
மூடிய பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறை,
டெல்மர் விற்காமல் விட்டுப்போன தானியக் கிடங்கு,
போன குளிர்காலத்தில் எரிந்துபோன ஒரு வீட்டின் பூட்டு.
இரண்டு சாவிகள் யாருடையவை என்று
எனக்கே தெரியாது.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் எல்லோருமாகத் தொங்கி இழுத்து
தேய்ந்த சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

வென்டலைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
'சுவிட்சைத்தான் அடுத்து சொல்ல இருந்தேன்' என்றான்.
புது பம்பைத் திருப்பித் தர முடியுமா என்றேன்.
கடைக்காரன் எடுக்கமாட்டானாம்.

வண்டிச் சாவியை மட்டும் கழற்றி
வைக்கோல் கட்டும் கயிற்றில் கோர்த்தேன்.
மற்றவர்களைக் காப்பி டப்பாவில் போட்டு
பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
கிராதியில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
டப்பா கலகலத்தது.
தண்ணீர் ஒருமுறை முன்னும் பின்னும் மோதியது.
வானொலிக்காரன் எண்ணை முழுசாகச் சொல்லி முடித்தான்.

போன வாரத்தைவிடக் குறைவுதான்.